பாறை ஏறும் ரிமோட் வண்டி: இருபதாயிரத்துக்குள் எதை எடுப்பது?

எங்கள் வீட்டுக்குக் கீழே, காபித் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை இறங்குகிறது. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இப்படி ஓர் ஓடை கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் பக்கமே போக முடியாது. மாசி பிறந்தால் தண்ணீர் சுண்டி, கருங்கல் வெளியே வந்துவிடும். கை முஷ்டி அளவில் தொடங்கி அண்டா அளவு வரை கல். ரிமோட்டில் ஓடும் ராக் கிராலர் வண்டிக்கு அதுதான் மைதானம். நான்கு வருடமாக அங்கே ஓட்டுகிறேன்.

அக்கா மகன் மாசியில் ஒரு வாரம் வந்து தங்கியிருந்தான். திண்டுக்கல்லில் கல்லூரி, விடுதி வாசம். "மாமா, இருபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். கிராலர் வாங்கணும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு டயரையோ, ஸ்டீரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவையோ மாற்ற வழியில்லாமல் நிற்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்னிடமும் தெரிந்தவர்களிடமும் இருந்த நான்கு விதமான வண்டிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குக் கொண்டுபோய், ஒரே மூன்று கல்லில் ஏற்றிப் பார்த்தோம்.

முதல் கல், படி மாதிரி நேராக நிற்கும். ஏழு சென்டிமீட்டர் உயரம். இரண்டாவது, சாய்ந்து கிடக்கும் பலகைக் கல். செல்போனை வைத்து அளந்தபோது நாற்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவது, இரண்டு கல் சேரும் இடத்தில் ஒரு பிளவு. முன் சக்கரம் அதில் இறங்கினால் சிக்கிக்கொள்ளும். ஸ்டீரிங்கை வலுவாக ஒடித்தால்தான் வெளியே வரும்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. கிராலர் வேகமாக ஓடும் வண்டி இல்லை, நாம் நடக்கும் வேகம்கூட அதற்கு அதிகம்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற மூன்றும் நிற்காமல் இழுக்க வேண்டும். அதனால் பெரும்பாலான கிராலர்களில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர், பூட்டியே இருக்கும். எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் முதல் தடவை என் வண்டியைப் பார்த்துவிட்டு, "மிதிக்காத தம்பி, லோ கியர்ல விட்டா அதுவா ஏறும்" என்றார். பூண்டு மூட்டையோடு சேற்று ரோட்டில் ஏறி இறங்கிப் பழகியவர். ரிமோட் வண்டிக்கும் அது அப்படியே பொருந்தும்.

மலிவு வண்டி

ஏழாயிரத்துக்குள் கிடைக்கும் வண்டிகளில் எம்என் டி90, டபிள்யூபிஎல் சி24 போன்ற பெயர்கள் அதிகம் காதில் விழும். பார்க்க அழகு. பழைய லேண்ட்ரோவர் மாதிரி, டொயோட்டா பிக்கப் மாதிரி, கதவு, கண்ணாடி, பின்பக்க ஸ்டெப்னி எல்லாம் இருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இருந்த இந்த வகை வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம்.

முதல் கல்லில் டயர் வழுக்கிச் சுற்றியது, ஏறவில்லை. நான் அந்த டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை. ரப்பர் செருப்பு மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. பலகைக் கல்லில் பாதி ஏறி, முன்பக்கம் லேசாகி, மல்லாக்கச் சாய்ந்தது. பிளவுக்கு நாங்கள் கொண்டுபோகவே இல்லை.

"டயர் மாத்தி, மோட்டார் மாத்தினா சரியாயிடும்ல மாமா?" என்றான். இங்கேதான் கவனம் வேண்டும். இந்த விலை வண்டிகள் பலவற்றில் ரிசீவரும் ஈஎஸ்சியும், அதாவது சிக்னல் வாங்கும் பாகமும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகமும், ஒரே போர்டில் இருக்கும். ஸ்டீரிங் சர்வோவுக்கு ஐந்து வயர். கடையில் கிடைக்கும் சர்வோவுக்கு மூன்று வயர். ஆக, சர்வோவை மாற்றப் போனால் போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் ரிமோட்டையும் மாற்ற வேண்டும். மோட்டாரைப் பெரிதாகப் போட்டால் பிளாஸ்டிக் கியர் பல் உதிரும், இரும்புக் கியர் போட்டால் அடுத்து ஆக்சில் தண்டு முறுக்கும். ஐயாயிரத்து வண்டிக்கு மேலே பத்தாயிரம் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவ்வளவும் போட்டபின்னும் அது ஐயாயிரத்து வண்டியின் சேஸிஸ் சட்டத்தில்தான் நிற்கிறது.

ஆனால் பத்து வயதுக் குழந்தைக்கு, தோட்டத்து மண் பாதையில் ஓட்ட, இதைவிட நல்ல பரிசு இல்லை. வாங்கினால் வாங்கியபடியே ஓட விடுங்கள். அதிகபட்சம் மெத்தென்ற டயர் மட்டும் மாற்றுங்கள்.

உள்ளங்கை வண்டி

1/24 அளவு, அதாவது நிஜ வண்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24, எஃப்எம்எஸ் எஃப்சிஎக்ஸ்24 இரண்டும் இந்த ஜாதி. எடை அரை கிலோவை ஒட்டித்தான். எஸ்சிஎக்ஸ்24-ல் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 13 சென்டிமீட்டர்தான். எஃப்சிஎக்ஸ்24-ல் இரண்டு வேக கியர்பாக்ஸும் போர்ட்டல் ஆக்சிலும் உண்டு. போர்ட்டல் என்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கியர் வைத்து ஆக்சிலைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது. வயிறு கல்லில் தட்டாது. இதற்கு ஒரு படி மேலே 1/18-ல் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் இருக்கிறது, 2022-ல் வந்தது.

ஓடையில் என் குட்டி வண்டி என்ன செய்தது? முதல் கல்லை நேராக ஏறவில்லை. அதன் சக்கரமே ஐந்து சென்டிமீட்டர்தான். ஏழு சென்டிமீட்டர் படி அதற்கு மதில் சுவர். பக்கவாட்டில் சுற்றி, சரிவு பார்த்து மேலே போனது. பலகைக் கல்லில் நன்றாக ஏறியது. பிளவில் வண்டியே உள்ளே விழுந்துவிட்டது, கையால்தான் எடுத்தோம். பிறகு ஓடையை விட்டு வெளியே வந்தால் காபிச் செடிக்கு அடியில் காய்ந்த இலை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் இலை காய்ந்தால் மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு, சீப்பு மாதிரி கிழிந்த விளிம்பு. அதில் ஒன்று ஆக்சிலில் சுற்றினாலே குட்டி வண்டி நின்றுபோகும். நான்கு அடிக்கு ஒரு தடவை குனிந்து இலை எடுக்க வேண்டும்.

இதை மட்டும் வைத்து அதை ஒதுக்க முடியாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இங்கே மழையும் பனிமூட்டமும். அந்த மூன்று மாதம் என் பெரிய வண்டி பரணில். அப்போது திண்ணையில் ஏழெட்டுக் கல்லை அடுக்கி, நடுவே விறகுத் துண்டு ஒன்றைப் பாலமாகப் போட்டு இந்தக் குட்டியைத்தான் ஓட்டுகிறேன். விடுதி அறையில் புத்தகத்தை அடுக்கி ஓட்டலாம். பைக்குள் போகும். விழுந்தால் உடையாது, எடை இல்லாததால் அடியும் இல்லை. நகரத்தில், மாடி வீட்டில் இருப்பவர் என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஒரு குறை: உதிரிபாகம் எல்லாம் சின்னச் சின்னது, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

வெளிநாட்டு வண்டிகளுக்கு இங்கே ஏன் இந்த விலை

2020-ல் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆக்கினார்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குப் பிஐஎஸ் தரச் சான்றும் கட்டாயம். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் செயலிக்குத் தடை வந்தது. அதுவரை மலிவாக உதிரிபாகம் வாங்கிய வழி அடைபட்டது. அமெரிக்காவில் நூறு டாலர் சொச்சத்துக்கு விற்கும் குட்டி வண்டி இங்கே கைக்கு வரும்போது வேறு விலையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வண்டியின் பாதி உடம்பு உள்ளூரிலேயே கிடைக்கிறது. சர்வோ, ரிமோட், ரிசீவர், லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜர் எல்லாம் கல்லூரி மாணவர்களின் ரோபோ, ட்ரோன் புராஜெக்டுக்கு வேண்டியவை. கோவை, சென்னை மாதிரி ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்பவர்கள் வைத்திருக்கிறார்கள். கிராலருக்கென்றே வேண்டியது சட்டம், ஆக்சில், கியர்பாக்ஸ், டயர் ஆகிய நான்கு மட்டும்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சொந்தமாகக் கட்டலாம் என்ற தைரியம் வந்தது.

பெரிய வண்டி, ரெடிமேட்

1/10 அளவு. கொடைக்கானல் நண்பர் ஒருவர் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 கொண்டுவந்தார். 2017-ல் வந்த வண்டி. இரண்டு டிஃபரன்ஷியலையும் ரிமோட்டிலிருந்தே பூட்டலாம், திறக்கலாம். இரண்டு வேகம், போர்ட்டல் ஆக்சில். மூன்று கல்லையும் ஏதோ வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறிப் போனது. பிளவில் முன் சக்கரம் இறங்கியதும் நண்பர் ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்து, ஒரு நொடி பொறுத்து, மெல்ல விட்டார். டயரின் ஓரம் கல்லைக் கவ்வி ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா மகன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் விலை அமெரிக்காவிலேயே நானூறு டாலருக்கு மேல். நம் கணக்கில் இல்லை. ஆர்ஜிடி மாதிரியான நிறுவனங்கள் இதே அளவில் விலை குறைந்த ரெடிமேட் வண்டிகள் செய்கின்றன. நாங்கள் விசாரித்தபோது அவையும் இருபதாயிரத்தைத் தாண்டித்தான் பேசினார்கள். பேட்டரி, சார்ஜர் தனி. கையில் முப்பதாயிரம் இருந்து, கட்டுவதற்கு நேரமும் பொறுமையும் இல்லையென்றால் இதை வாங்குவதில் தப்பே இல்லை.

பழைய வண்டி கிடைத்தால் பார்க்கலாம். சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் போய்விட்டது. சர்வோவை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, சக்கரத்தைக் கையால் தடுத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கியர் பல் தேய்ந்திருக்கிறது. பேட்டரி உப்பியிருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள், இலவசமாகத் தந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கட்டுவது

என் வண்டி இந்த வகை. ஆக்ஸியல் கொண்டுவந்த எஸ்சிஎக்ஸ்10-ன் அளவை ஒட்டி உலகம் முழுக்க எத்தனையோ பேர் சட்டமும் ஆக்சிலும் செய்கிறார்கள். சக்கர இடைவெளி 313 மில்லிமீட்டர். சக்கரத்தை மாட்டும் அறுகோணம் 12 மில்லிமீட்டர். மோட்டார் 540 அளவு. சர்வோ சாதாரண அளவு. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். எவர் செய்த பாகமும் எவர் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரெடிமேட் வண்டி வாங்கினாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: 12 மில்லிமீட்டர் அறுகோணமா, சாதாரண சர்வோ உட்காருமா, ரிசீவர் தனியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த வண்டி பத்து வருடம் கூட வரும்.

கட்டினால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செலவழித்தது இது: சட்டம், ஆக்சில், கியர்பாக்ஸ், தண்டு எல்லாம் சேர்த்து 11,500. மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ 4,200. ரிமோட் ரிசீவரோடு 3,200. பேட்டரியும் சார்ஜரும் 3,400. டயர், ரிம், உள்ளே போடும் ஃபோம் 2,600. பாடி 1,200. கூட்டினால் 26,100 ரூபாய். நீங்கள் வாங்கும்போது முன்னே பின்னே இருக்கும். ஒன்று மட்டும் உண்டு: இதை நான் ஒரே நாளில் கொடுக்கவில்லை. சீட்டுக் கட்டுவது மாதிரி மாதத்துக்கு ஒரு பாகம், எட்டு மாதம். மாதத்துக்கு மூவாயிரம் என்றால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

கட்டியவனுக்கு இன்னொரு லாபம், உடைந்தால் திறக்கத் தெரியும். எங்கள் ஊருக்கு வரும் பார்சல் சில சமயம் வத்தலக்குண்டிலேயே இரண்டு நாள் கிடக்கும். ரிப்பேருக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதெல்லாம் நடக்காத காரியம். கைக்கு வரும் அறுகோணக் குச்சியும் ஸ்க்ரூவும்தான் மெக்கானிக்.

தப்பும் நடந்தது. ஒரு கடையில் பினியன் கியர், அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்ன கியர், வாங்கினேன். அதோடு கோக்கும் பெரிய கியரான என் ஸ்பர் கியரின் பல் அளவு 32 பிட்ச், வந்தது 48 பிட்ச். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. மாட்டி ஓட்டினேன்; பதினைந்து நிமிடத்தில் ஸ்பர் பல் எல்லாம் மழுங்கிவிட்டது. இப்போதெல்லாம் கியர் வந்ததும் இரண்டு பல்லையும் கோத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நடுவே கீற்று வெளிச்சம் ஒரே சீராகத் தெரிந்தால்தான் மாட்டுவேன்.

காசை எங்கே போடுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் சரி, பாறையில் ஏறுவது டயரும் எடையும் சர்வோவும்தான். மோட்டார் அதற்குப் பிறகு. பாடி கடைசி.

டயர் மெத்தென்று இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வர வேண்டும். காய்ந்த கருங்கல் உப்புத்தாள் மாதிரி. மெத்தென்ற ரப்பர் அதில் ஒட்டும். மழைக்குப் பிறகு பாசி பிடித்த கல்லில் எந்த டயரும் வழுக்கும், அதற்கு மருந்து இல்லை. உள்ளே இருக்கும் ஃபோம் கடினமாக இருந்தால் முன் சக்கரத்துடையதை மட்டும் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். டயர் கல்லின் மேல் படுத்து அணைக்க வேண்டும். டயரில் எதிரெதிரே இரண்டு சின்ன ஓட்டை போட்டால் காற்று உள்ளே வெளியே போகும், ஓடைத் தண்ணீரும் உள்ளே தங்காது.

எடை விஷயத்தை அன்றைக்கு அக்கா மகனுக்குச் சமையலறைத் தராசில் காட்டினேன். முன் சக்கரம் இரண்டையும் தராசில் வைத்து, பின் சக்கரத்துக்குக் கீழே தராசு உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினோம். பிறகு மாற்றி வைத்து அளந்தோம். என் வண்டி முன்னால் 60, பின்னால் 40. ஏன் முன்னால் கூடுதல்? வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எட்டு சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி எடையுள்ள 313 மில்லிமீட்டர் வண்டி 45 டிகிரி சரிவில் ஏறும்போது பாறையை அழுத்தும் பாரத்தில் முன் சக்கரங்களுக்குக் கிடைப்பது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு பின்னால் போய்விடும். முன் சக்கரம் கல்லைத் தொடும், பிடிக்காது. 60-க்கு 40 வைத்தால் அதே சரிவில் முன்னால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். அந்த வித்தியாசத்தில்தான் பலகைக் கல்லில் மலிவு வண்டி மல்லாந்தது, என் வண்டி ஏறியது.

இதற்குப் பித்தளை பாகம் வாங்க வேண்டியதில்லை. கார் டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் பட்டை எடை இருக்கிறதே, ஐந்து கிராம், பத்து கிராம் துண்டுகளாக வரும், அதை வாங்குங்கள். முன் ரிம்மைச் சுற்றி உள்பக்கம் ஒட்டி, மேலே டேப் சுற்றினால் முடிந்தது. நான் ஒரு சக்கரத்துக்கு எழுபது கிராம் போட்டிருக்கிறேன். பேட்டரியை முன்பக்கம் தள்ளி, முடிந்தவரை தாழ வையுங்கள். கனமான கெட்டிப் பிளாஸ்டிக் பாடி, மேலே லக்கேஜ் கேரியர், அதன்மேல் குட்டி ஜெர்ரிகேன் எல்லாம் படத்துக்கு அழகு. பாறையில் வண்டியைக் கவிழ்ப்பதும் அவைதான்.

சர்வோவுக்கு 20, 25 கிலோ இழுவை என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மாணவர்கள் அதிகம் வாங்கும் எம்ஜி996ஆர் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இழுவை பத்து கிலோ சொச்சம். 1/10 வண்டிக்கு ஆரம்பத்தில் அதுவும் ஓடும், பிளவில் சக்கரம் சிக்கினால் திணறும். பெரிய சர்வோ போட்டபின் ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது வண்டி ஒரு நொடி செத்துப் பிழைத்தால் பயப்படாதீர்கள். ஈஎஸ்சியிலிருந்து சர்வோவுக்குப் போகும் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். தனியாக ஒரு பெக், அதாவது பேட்டரி மின்சாரத்தை ஆறு வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சின்ன போர்டு, போட்டால் சரியாகிவிடும்.

மோட்டாருக்கு வருவோம். பிரஷ் மோட்டாரில் உள்ளே இருக்கும் கம்பியின் சுற்று எண்ணிக்கை ஏற ஏற வேகம் குறையும். ஓட்டப்பந்தய வண்டிக்குச் சுற்று குறைவு. கிராலருக்கு 35 முதல் 55 சுற்று. எனக்கு 35 போதும். ஈஎஸ்சி வாங்கும்போது, விசையை விட்டதும் வண்டி சரிவில் அப்படியே நிற்குமா என்று கேளுங்கள். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி உருண்டு ஓடும். ஹாபிவிங் குயிக்ரன் 1060 மாதிரி விலை குறைந்த ஈஎஸ்சியிலும் ஜம்ப்பரை, அதாவது பிடுங்கி இடம் மாற்றிச் செருகும் சின்ன இணைப்பை, முன்-பின் முறைக்கு மாற்றி வைத்தால் அது கிடைக்கிறது. பிரஷ்லெஸ் மோட்டார் அருமையானதுதான். இந்தப் பட்ஜெட்டில் அந்தக் காசு டயருக்குப் போகட்டும்.

பேட்டரி

லைபோவில் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். மூன்றுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். இரண்டு செல் பேட்டரி 7.4 வோல்ட், தொடக்கத்துக்கு அதுவே தாராளம். 2200 எம்ஏஎச் இருந்தால் கிராலர் ஒரு மணி நேரம்போல் ஓடும். ஈஎஸ்சியில் லைபோவா, நிக்கல் பேட்டரியா என்று ஒரு ஜம்ப்பர் இருக்கும். முதல் வருடம் நான் அதை நிக்கலில் விட்டுவிட்டேன். பேட்டரி தீரும்போது ஈஎஸ்சி வெட்டவில்லை. வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டி, மறுநாள் பார்த்தால் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனதைவிட, அது ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கடியில் இருந்ததை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து சார்ஜ் போடுவது வாசலில், மண் சட்டிக்குள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். கரண்ட் போய் வந்தால் சார்ஜரைப் புதிதாக ஆரம்பிக்கிறேன். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து எடுத்து வைக்கிறேன். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும். ஓடைக்குப் போகும்வரை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டால் நன்றாக ஓடும்.

எங்கே ஓட்டுவது

சொந்தத் தோட்டம், தெரிந்தவர் தோட்டம், கேட்டுவிட்டு. காட்டுக்குள் வேண்டாம். கொடைக்கானல் காடுகள் 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், ரிமோட்டையே பார்த்துக்கொண்டு குனிந்து நடப்பவன் எதிரே வரும் காட்டெருமையைப் பார்க்க மாட்டான். நாங்கள் நான்கரைக்கே மூட்டை கட்டிவிடுவோம். தாண்டிக்குடி பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழைய கல்திட்டைகள் இருக்கின்றன. வண்டி ஏற்றச் சொல்லி வைத்தது மாதிரியே தெரியும். முன்னோர் புதைத்த இடம் அது, தயவுசெய்து அதன்மேல் ஏற்றாதீர்கள்.

என்ன முடிவு செய்தோம்

மாலை வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். அவனுக்கு ஓடைதான் வேண்டும், திண்ணை போதாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. குட்டி வண்டியை விடுதிக்கு எடுத்துப் போ என்றேன். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன், மழைக்காலத்துக்குத் திரும்பத் தர வேண்டும் என்ற பேச்சோடு. அவன் பணத்தில் கட்டுவது என்று முடிவு. என்னிடம் பழைய ரிமோட்டும் ஒரு சார்ஜரும் சும்மா கிடக்கின்றன, அதில் 5,100 மிச்சம். பாடி இப்போது வேண்டாம். ரிசீவரையும் ஈஎஸ்சியையும் மூடி போட்ட டிபன் டப்பாவுக்குள் வைத்துச் சட்டத்தில் கட்டினால் தெறிக்கும் தண்ணீரும் படாது, எடையும் கீழேயே நிற்கும். பாடிக்கான 1,200-ம் மிச்சம். 26,100-ல் இவை போக 19,800. இருநூறு ரூபாய் மீதி. அதில் த்ரெட்லாக்கர் ஒரு குப்பி வாங்கச் சொன்னேன். இரும்பில் ஏறும் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு வேண்டும், இல்லாவிட்டால் ஓடையில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சித்திரையில் சட்டமும் ஆக்சிலும் வந்தன. வைகாசியில் கியர்பாக்ஸ். போன வாரம் வீடியோ காலில் காட்டினான்: விடுதி மேஜையில் சக்கரம் இல்லாமல் இரண்டு புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சர்வோ மட்டும் இடமும் வலமும் ஒடிந்துகொண்டிருக்கிறது. டயருக்கு அடுத்த மாதம் பணம் கட்டுகிறான். "மாமா, அந்தப் பிளவுக் கல்லை யாரும் நகத்திடாம பாத்துக்கோங்க" என்றான்.